செருப்பை வாசல்ல விடாதீங்க, டாக்டர்கிட்ட கொண்டு வாங்க

1/
"உங்க ஷூவோட குதிகால் வெளிப்பக்கம் தேய்ஞ்சிருக்கா? அப்படின்னா உங்க நடையே தப்பு. இந்த இன்சோலைப் போடுங்க, இந்த ட்ரெக்கிங் ஷூவை வாங்குங்க."

ஆடி அமாவாசை நெருங்கினா போதும், சதுரகிரி போறவங்க குரூப் எல்லாத்துலயும் இந்த மாதிரி ரீல் சுத்த ஆரம்பிச்சிடுது. எனக்கும் வந்துச்சு, "டாக்டர், நிஜமா?"ங்கிற கேள்வியோட.

நிஜம் இல்ல. ஏன் இல்லைன்னு சொல்றேன். தேய்மானத்துல உண்மையிலேயே பயப்பட வேண்டியது எதுன்னும் சொல்றேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
நான் விருதுநகர் மாவட்டத்துல அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர். எலும்பு நிபுணர் இல்ல, ஷூ விக்கிறவனும் இல்ல. ஆனா தினமும் கால் பார்க்கிறேன். முள் குத்தின கால், சீழ் வச்ச கால், விரல் கறுத்த கால். அந்தக் கால்கள் போட்டு வந்த செருப்பையும் திருப்பிப் பார்க்கிறேன். அதனாலதான் இந்தக் கோபம்.

3/
முதல்ல அடிப்படை. மனுஷன் நடக்கிறப்போ குதிகால்தான் முதல்ல தரையைத் தொடும். அதுலயும் நடு குதிகால் இல்ல, பின்பக்கத்து வெளி ஓரம். ஏன்னா கால் காத்துல வீசி வர்றப்போ பாதம் லேசா உள்பக்கம் பார்த்துத் திரும்பி இருக்கும். பெரும்பாலானவங்க நடக்கிறப்போ பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமா விரிச்சும் வைப்போம். ரெண்டும் சேர்ந்தா முதல் உரசல் எங்க விழும்? வெளி ஓரத்துலதான்.

4/
அப்புறம் பாரம் பாதத்தோட வெளி விளிம்பு வழியா முன்னாடி போகும். பாதம் உள்பக்கமா லேசா சாய்ஞ்சு அதிர்ச்சியை வாங்கிக்கும். கடைசியா விரல்களுக்குக் கீழ இருக்கிற மேட்டுக்கு வந்து, கட்டை விரல் தள்ள, கால் கிளம்பும்.

ஆக, நல்லா நடக்கிற ஒருத்தரோட செருப்புல ரெண்டு இடம் தேயும்: குதிகால் வெளி மூலை, முன் மேடு. இது நோய் இல்ல. இதுதான் நடை.

5/
அதாவது, ரீல்ல "தப்பு"ன்னு காட்டுற தேய்மானம் ஊர்ல முக்கால்வாசிப் பேர் செருப்புல இருக்கும். எல்லாருக்கும் இருக்கிற ஒண்ணை நோய்னு சொன்னா எல்லாருமே வாடிக்கையாளர். வியாபார புத்தின்னு பார்த்தா பாராட்டலாம், மருத்துவம்னு சொன்னா சும்மா விட முடியாது.

6/
"பாதம் உள்பக்கம் சாய்ஞ்சா காயம் வரும், அதுக்குன்னு தனி ஷூ வேணும்"னு அடுத்த கதை.

டென்மார்க்ல, ஓட்டத்துக்குப் புதுசா வந்த 927 பேருக்கு ஒரே மாதிரி சாதா ஷூ கொடுத்து ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. பாதம் உள்பக்கம் சாயுறவங்களுக்குக் காயம் அதிகம் வரல.

அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் மூணுலயும், பாத வளைவுக்குத் தகுந்த ஷூவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தா பயிற்சிக் காயம் குறையுமான்னு சோதிச்சாங்க. குறையல.

7/
இது ஓட்டமும் பயிற்சியும் சம்பந்தப்பட்ட ஆய்வு, மலை ஏறுறது வேறன்னு ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படின்னா மலைக்குத் தனியா ஆதாரம் காட்ட வேண்டியது விக்கிறவங்க பொறுப்பு. வலியே இல்லாத ஒருத்தரோட நடையை, செருப்போட அடிப்பாகத்தைப் பார்த்து "திருத்த" வேண்டிய அவசியம் இல்ல.

8/
மலை ஏறுறப்போ தேய்மானம் மாறும், அது உண்மை. தாணிப்பாறையில இருந்து மேல ஏறுறப்போ பாரம் முன்பாதத்துலதான். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை பக்கமெல்லாம் விரல் மேட்டை ஊன்றித்தான் ஏறுவீங்க. இறங்குறப்போ குதிகால்தான் பிரேக். ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஷூவுக்குள்ள முன்னாடி சறுக்கி விரல் நுனி மோதும். கீழ வந்தவங்களுக்கு நகம் கறுக்கிறது அதனாலதான். நடை தப்புன்னு அர்த்தம் இல்ல. ஷூ நீளம் பத்தல, இல்ல கயிறை இறுக்கிக் கட்டலன்னு அர்த்தம்.

9/
காசு கொடுத்து ட்ரெக்கிங் ஷூ வாங்குறவங்களுக்கு, ரீல்ல யாரும் சொல்லாத ஒரு விஷயம். பல ஷூக்கள்ல நடு அடுக்கு பாலியூரித்தேன்ல செஞ்சிருப்பாங்க. அது ஈரமும் சூடும் சேர்ந்தா, போடாம வச்சிருந்தாலே உள்ளுக்குள்ள உளுத்துப் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கு மட்டும் போட்டுட்டு மிச்ச நாள் டப்பாவுல வச்சா, நாலஞ்சு வருஷம் கழிச்சு பாதி மலையில அடிப்பாகம் மொத்தமா கழண்டு வர்றதுக்கு இதுதான் காரணம்.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எடுத்து வளைச்சுப் பாருங்க. வீட்டைச் சுத்தி நடந்து பாருங்க.

10/
ரீல் கதை இதோட முடிஞ்சது. இப்போ நான் எழுத வந்த விஷயம்.

நடையும் தேய்மானமும் உயிர் சம்பந்தப்பட்டதா மாறுற ஒரு கூட்டம் இருக்கு. அவங்க ட்ரெக்கிங் ஷூ வாங்குறவங்க இல்ல. ஹவாய் செருப்பு போடுறவங்க. சர்க்கரை நோயால பாதத்துல உணர்ச்சி போனவங்க. அவங்களைப் பத்தி ஒரு ரீல்கூட என் கண்ணுல படல.

11/
2023ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. பெரியவங்கள்ல 100க்கு 11 பேருக்கு மேல. இவங்கள்ல பல வருஷமா கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு மெதுவா நரம்பு பழுதாகும். முதல்ல எரிச்சல், ஊசி குத்துற மாதிரி. அப்புறம் மதமதப்பு. கடைசியில ஒண்ணுமே தெரியாது. "இப்ப எரிச்சல் நின்னுடுச்சு சார், நல்லாயிட்டேன்"னு சந்தோஷமா சொல்றவங்கள்ல சிலருக்கு உண்மையில உணர்ச்சியே போயிருக்கும்.

12/
இந்த இடத்துல ஒரு டாக்டரைப் பத்திச் சொல்லணும். பால் பிராண்ட். 1914ல நம்ம கொல்லிமலையில பிறந்தவர். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அந்தக் காலத்துல தொழுநோய்னா சதை தானா அழுகி விழும்னு உலகமே நம்பிச்சு. அவர் மறுத்தார். நோய் நரம்பைக் கொல்லுது, வலி போகுது, வலி இல்லாததால அவங்களுக்கே தெரியாம காயம் ஆகுது, அந்தக் காயம்தான் விரலைத் தின்னுதுன்னு காட்டினார்.

13/
அவர் கவனிச்ச இன்னொரு விஷயம்தான் இந்த இழைக்கு முக்கியம்.

வலி தெரியுற மனுஷன் நீண்ட தூரம் நடந்தா நடையை மாத்திக்கிட்டே இருப்பான். ஒரு இடம் காந்த ஆரம்பிச்சா பாரத்தைக் கொஞ்சம் ஓரத்துக்கு மாத்துவான். அப்புறம் லேசா நொண்டுவான். அப்புறம் உட்கார்ந்துடுவான். இதெல்லாம் யோசிச்சுச் செய்றது இல்ல, உடம்பு தானா செய்றது.

உணர்ச்சி இல்லாத பாதம் அப்படிச் செய்யாது. முதல் அடியை எப்படி வச்சதோ, ஆயிரமாவது அடியையும் அப்படியேதான் வைக்கும். அதே இடத்துல.

14/
கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 1,400 அடி. ஒரு காலுக்கு 700. பத்து கிலோமீட்டர் நடந்தா ஒரே புள்ளியில 7,000 இடி. ஒவ்வொரு இடியும் மெதுவானதுதான், ஒண்ணுகூடத் தோலைக் கிழிக்காது. ஆனா 7,000 தடவை இடிச்சா உள்சதை நசுங்கும், கன்றும், நீர் கோக்கும், வெளியில ஆணிக்கால் மாதிரி தடிக்கும். அந்தத் தடிப்புக்குக் கீழ புண் வளரும்.

15/
அதனாலதான் சொல்றேன். உணர்ச்சி போனவரோட செருப்புல பெருவிரல் மேட்டுக்கு நேர கறுத்து, பள்ளமா, ஓட்டை விழப் போற மாதிரி ஒரு இடம் இருந்தா, அது வெறும் தேய்மானம் இல்ல. அடுத்த புண் எங்க வரப் போகுதுன்னு காட்டுற வரைபடம். செருப்பு ரப்பர், அது பேசாது. பாதமும் பேசாது. நாமதான் திருப்பிப் பார்க்கணும்.

16/
இப்ப எங்க துறைமேலயே ஒரு குற்றச்சாட்டு.

எந்த ஆஸ்பத்திரி, கிளினிக் ஆனாலும் ஓ.பி. வாசல்ல என்ன எழுதியிருக்கும்? "செருப்பை வெளியே விடவும்." நோயாளி பவ்யமா வெளியே விட்டுட்டு உள்ள வருவார். சர்க்கரை அளவைப் பார்ப்போம், பிரஷர் பார்ப்போம், மாத்திரை எழுதுவோம், அனுப்பிடுவோம். அவர் பாதத்தைப் பத்தி அதிகம் தெரிஞ்ச சாட்சி வாசல்லயே கிடக்கும். அதை யாரும் விசாரிக்கிறதே இல்ல.

17/
"ஒரு நாளைக்கு 200 பேர் பார்க்கிற ஓ.பி.யில செருப்பைத் திருப்பிப் பார்க்க ஏது நேரம்?"னு சக டாக்டர்கள் கேட்பாங்க. கூட்டம் என்னன்னு எனக்கும் தெரியும், அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கேன். ஆனா பத்து விநாடி வேலை இது. புண் வந்து முற்றி, தினமும் கட்டுப் போட்டு, விரல் எடுத்து, அப்புறம் கால் எடுக்கிற வரைக்கும் ஆகுற நேரத்தையும் கணக்குல சேருங்க. அப்ப எது மிச்சம்னு தெரியும்.

18/
நம்ம ஊர் நரம்பு டாக்டர்கள் பல வருஷமா கேட்டுட்டு வர்ற ஒரு கேள்வி இருக்கு. ஹவாய் செருப்பு போடுற நாட்டுக்குன்னே உருவான கேள்வி:

"செருப்பு கழண்டு போகுதா? போறது உங்களுக்குத் தெரியுதா, தெரியலையா?"

கழண்டு போறது தெரியுது, ஆனா பிடிச்சு வைக்க முடியலைன்னா, விரல் தசையில பலம் குறையுது. கழண்டதே தெரியாம நாலு அடி போயி திரும்பிப் பார்த்தீங்கன்னா, உணர்ச்சி போயிருக்கு.

இதுக்குக் கருவி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், காசும் வேண்டாம். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கே கேளுங்க.

19/
இந்த மாவட்டத்துல இது ஏன் கூடுதல் ஆபத்துன்னு மூணு காரணம்.

ஒண்ணு, சீமைக்கருவேல முள். கரிசக் காட்டுல நடக்கிறவங்களுக்குத் தெரியும், ஹவாய் செருப்பை அது வெண்ணெய் மாதிரி துளைக்கும். உணர்ச்சி இருக்கிறவங்க "ஐயோ"ன்னு உட்கார்ந்து எடுத்துடுவாங்க. இல்லாதவங்க, செருப்போட முள்ளும் பாதத்துல ஏறி நிக்க, அப்படியே ரெண்டு நாள் நடப்பாங்க. வாடை வந்தப்புறம்தான் எங்ககிட்ட வருவாங்க.

20/
ரெண்டு, வெயில். நம்ம ஊர் சித்திரை வெயில்ல தார் ரோடும் கோயில் கல்தளமும் எப்படிக் கொதிக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. உணர்ச்சி இல்லாத பாதம் அதுல நின்னா பொறுமையா வெந்துடும். வீட்டுக்கு வந்து கால் கழுவுறப்போ கொப்புளம் பார்த்து "இது எப்ப வந்துச்சு?"ன்னு கேட்பாங்க.

இருக்கன்குடி மாரியம்மனுக்கும் திருச்செந்தூருக்கும் நடந்து போறவங்க, சதுரகிரிக்கு வெறுங்காலோட ஏறுறவங்க, உங்க பக்தியில நான் தலையிடல. பாதத்துல மதமதப்பு இருந்தா மட்டும் செருப்போட போங்க, கோயில் வாசல்ல கழட்டுங்க. வேண்டிக்கிட்டது காலை இழக்கவா?

21/
மூணாவது, நம்ம தொழில். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கம் பட்டாசுலயும் தீப்பெட்டியிலயும் வேலை பார்க்கிற பெண்கள் நாள் முழுக்கத் தரையில சம்மணம் போட்டோ, ஒரு காலை மடக்கியோ உட்கார்ந்து சரம் பின்றாங்க, குழாய் சுத்துறாங்க, பெட்டி ஒட்டுறாங்க. அதுக்கும் செருப்புத் தேய்மானத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

22/
முழங்காலுக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் கீழ கை வச்சுப் பாருங்க. ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதோட கழுத்தைச் சுத்தித் தோலுக்கு அடியிலயே ஒரு நரம்பு போகுது. பாதத்தை மேல தூக்குற நரம்பு அதுதான். மணிக்கணக்கா சம்மணம் போட்டாலோ குத்துக்கால் போட்டாலோ அது நசுங்கும். உடம்பு மெலிஞ்சவங்களுக்கு இன்னும் சுலபமா நசுங்கும், ஏன்னா அந்த இடத்துல மெத்தை இல்ல. சர்க்கரை நோய் இருந்தா அந்த நரம்பு ஏற்கெனவே பலவீனம்.

23/
நசுங்கினா என்ன ஆகும்? பாதம் தொங்கும். நடக்கிறப்போ முன்பக்கம் தரையில உரசும், இல்லைன்னா அது தட்டாம இருக்க முழங்காலை உயரத் தூக்கி வச்சு, பாதத்தை "டப் டப்"னு போட்டு நடப்பாங்க. அவங்க செருப்பைத் திருப்பினா குதிகால் புதுசா இருக்கும், விரல் நுனி மட்டும் தேஞ்சு கிழிஞ்சிருக்கும். ஒரு கால்ல மட்டும்.

"செருப்பு சரியில்ல"ன்னு மாசத்துக்கு ஒரு ஜோடி மாத்திட்டு இருப்பாங்க. சரியில்லாதது செருப்பு இல்ல, நரம்பு. சீக்கிரம் கண்டுபிடிச்சு அந்த உட்காருற விதத்தை நிறுத்தினா பெரும்பாலும் திரும்ப வந்துடும்.

24/
தொழுநோயும் இதே நரம்பைத் தாக்கும். அதையும் மனசுல வைக்கணும். தோல்ல உணர்ச்சி இல்லாத வெளிறின தேமல் இருந்து, கூடவே பாதம் தொங்கினா, வெட்கப்படாம அரசு மருத்துவமனைக்கு வாங்க. மருந்து இலவசம், முழுசா குணமாகும்.

25/
வேற சில தேய்மானங்களும் சொல்றேன், சேமிச்சு வைங்க:

• ஒரு கால்ல மட்டும் முன்பக்க வெளி ஓரம் உரசல்: பழைய பக்கவாதம் இருக்கலாம், காலை அரைவட்டமா வீசி நடக்கிறப்போ வரும்.
• ரெண்டு செருப்பும் குதிகால்ல இருந்து நுனி வரை ஒரே சீரா இழைச்ச மாதிரி: காலைத் தூக்காம தேய்ச்சு நடக்கிறது. வயசானவங்கள்ல பார்க்கின்சன் இருக்கான்னு பார்க்கணும்.
• உள் ஓரம் மட்டும் சரிஞ்சு, கணுக்கால் உள்பக்கம் வலி: பாத வளைவைத் தாங்குற தசைநாண் பழுதாகியிருக்கலாம்.
• ஒரு செருப்பு மட்டும் ரொம்ப வேகமா தேயுது: மறு கால்ல வலியோ, கால் நீளத்துல வித்தியாசமோ இருக்கலாம்.

26/
இதுல எதுவும் தீர்ப்பு இல்ல, கேள்வி. செருப்பைப் பார்த்து நோயை முடிவு பண்றது ஜோசியம். செருப்பைப் பார்த்துட்டு ஆளைப் பரிசோதிக்கிறது மருத்துவம். ரீல்காரர் முதல் பாதியோட நிறுத்திட்டு பில் போடுறார்.

27/
உடனே ஓடி வர வேண்டியது ரெண்டு:

ஒண்ணு, நேத்து வரைக்கும் நல்லா நடந்தவர் இன்னைக்குத் திடீர்னு ஒரு காலை இழுத்து நடக்கிறார், கையிலயும் பலம் இல்ல, வாய் கோணுது. 108க்கு அடிங்க. ஒரு நிமிஷமும் தாமதிக்காதீங்க.

ரெண்டு, சர்க்கரை நோயாளிக்கு ஒரு கால் செருப்பு மட்டும் திடீர்னு இறுக்கமாகுது, பாதம் வீங்கி, தொட்டா மறு பாதத்தைவிடச் சூடா இருக்கு, ஆனா பெருசா வலி இல்ல. இது உள்ள எலும்பு நொறுங்குறதோட ஆரம்பமா இருக்கலாம். வலிக்கலையேன்னு நடந்தீங்கன்னா பாதத்தோட வடிவமே மாறிடும். நடக்காதீங்க, தூக்கிட்டு வரச் சொல்லுங்க.

28/
"டாக்டர், எங்ககிட்ட காசு இல்ல, ஹவாய்தான் வாங்க முடியும்"னு சொல்றவங்களுக்கு: நான் ஆயிரக்கணக்குல ஷூ வாங்கச் சொல்லல. உணர்ச்சி போனவங்களுக்குன்னு எம்.சி.ஆர். செருப்பு இருக்கு. நுண்துளை ரப்பர்ல செஞ்சது. உள்தளம் மெத்துன்னு இருக்கும், பாரத்தைப் பரப்பும். அடித்தளம் கெட்டி, முள் சுலபத்துல துளைக்காது. பின்பக்கம் வார் இருக்கும், கழண்டு போகாது. விரலுக்கு நடுவுல வார் கிடையாது, ஆணியும் கிடையாது.

29/
இந்த மாதிரி செருப்பு நம்ம மாநிலத்துக்குப் புதுசு இல்ல. வேலூர், கரிகிரியில தொழுநோயாளிகளுக்காக வேலை பார்த்தவங்க வளர்த்தெடுத்தது. தேசிய தொழுநோய் ஒழிப்புத் திட்டத்துல உணர்ச்சி இழந்த பாதம் உள்ளவங்களுக்கு அதை இலவசமாவே கொடுக்கிறாங்க.

என் கேள்வி இதுதான்: உணர்ச்சி இல்லாத பாதத்துக்கு, நரம்பைக் கொன்னது கிருமியா சர்க்கரையான்னு தெரியுமா? ரெண்டு பாதத்துக்கும் அதே முள், அதே தார் ரோடு. ஒருத்தருக்குச் செருப்பு மருந்துன்னு ஒத்துக்கிட்டோம். இன்னொருத்தருக்கு மட்டும் அது ஏன் சொந்தச் செலவு?

30/
அரசு எதுவும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்தப்புறம் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே போகுது. "பாதம் பாதுகாப்போம்"னு ஒரு திட்டமும் இருக்கு. 2022 ஜனவரியில விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துடுச்சு. கட்டமைப்பு இருக்கு. நான் கேட்கிறது அதோட கடைசி அடி.

31/
மூணே கோரிக்கை:

ஒண்ணு: சர்க்கரை நோய் ஓ.பி.யில "செருப்பை வெளியே விடவும்" போர்டை எடுங்க. "செருப்பைக் காட்டவும்"னு எழுதுங்க.

ரெண்டு: மாத்திரைச் சீட்டுல பாதத்துக்கு ஒரு வரி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது 10 கிராம் நைலான் இழையை வச்சு உணர்ச்சி பார்த்து, இருக்கு, இல்லைன்னு எழுதணும்.

மூணு: "இல்ல"ன்னு எழுதினா, மாத்திரை மாதிரியே எம்.சி.ஆர். செருப்பும் கைக்கு வரணும். தேஞ்சா அடுத்தது வரணும். ஒரு தடவை கொடுத்து ஃபோட்டோ எடுக்கிறதோட முடியக் கூடாது.

32/
பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ் நடத்துறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்து இருக்கிற அறைக்குள்ள செருப்பு கூடாதுங்கிறதை நான் எதிர்க்கல. செருப்புல ஒட்டி வர்ற மணல் உரசினாலே விபத்துதான். அந்த விதி உயிரைக் காப்பாத்துது, விட்டுக்கொடுக்காதீங்க.

ஆனா மருந்து புழங்காத வேலைகளுக்கு, குழாய் சுத்துறதுக்கும் பெட்டி ஒட்டுறதுக்கும், ஒரு தாழ்வான பலகையும் மேசையும் போட்டுக் கொடுக்கலாமே? மணிக்கு ஒரு தடவை எழுந்து அஞ்சு நிமிஷம் நடக்க விடலாமே? பீஸ் ரேட்ல வேலை பார்க்கிற அம்மா தானா எழுந்திருக்க மாட்டாங்க, எழுந்தா கூலி போகும். அந்த அஞ்சு நிமிஷத்தை நீங்கதான் கொடுக்கணும்.

33/
இனி வீட்டுல செய்ய வேண்டியது. வாரம் ஒரு நாள், சர்க்கரை நோய் இருக்கிறவங்க செருப்பைத் திருப்புங்க.

முள், ஆணி, கண்ணாடி குத்தியிருக்கான்னு பாருங்க. மேல்பக்கம் கறுத்த பள்ளம் எங்க இருக்குன்னு பாருங்க. அந்த இடத்துக்கு நேர பாதத்துல தடிப்போ சிவப்போ இருக்கான்னு பாருங்க. குனிய முடியலைன்னா கண்ணாடி வச்சுப் பாருங்க, கண்ணு தெரியலைன்னா பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்க. போடுறதுக்கு முன்னாடி செருப்பைத் தட்டி உதறுங்க.

34/
எப்ப மாத்தணும்? தட்டையான தரையில செருப்பை வச்சுப் பின்னாலிருந்து பாருங்க. ஒரு பக்கம் சாய்ஞ்சு நின்னா அதோட காலம் முடிஞ்சது. கட்டை விரலால அழுத்தினா ரப்பர் திரும்பி எழலைன்னாலும் முடிஞ்சது. இது மலை ஏறுற ஷூவுக்கும் பொருந்தும், ஹவாய்க்கும் பொருந்தும். சாய்ஞ்ச செருப்பு பாதத்தை இன்னும் சாய்க்கும், அது செருப்பை இன்னும் தேய்க்கும்.

புதுசு வாங்குறப்போ சாயங்காலம் போங்க, பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் விடுங்க. உணர்ச்சி குறைஞ்சவங்க "இறுக்கமா இருந்தாத்தான் போட்ட மாதிரி இருக்கு"ன்னு சின்ன சைஸ் எடுப்பாங்க. கூடப் போறவங்க தடுங்க.

35/
ஆணிக்காலை பிளேடால சீவாதீங்க. ஒத்தடம், சூட்டுத் தண்ணி, எருக்கம்பால் எதுவும் வேண்டாம். உணர்ச்சி இல்லாத இடத்துல எவ்வளவு ஆழம் போனீங்கன்னு உங்களுக்கே தெரியாது. காட்டுங்க, நாங்க சீவிக் கொடுக்கிறோம்.

36/
ட்ரெக்கிங் போற தம்பி, தங்கச்சிங்களுக்கு: உங்க ஷூவோட வெளி ஓரம் தேஞ்சா கவலைப்படாதீங்க, சந்தோஷமா மலை ஏறுங்க. நீங்க நல்லா நடக்கிறீங்கன்னுதான் அர்த்தம். இன்சோலுக்கு ஒதுக்கி வச்ச காசுல அப்பாவுக்கோ ஆச்சிக்கோ பின்வார் வச்ச ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்க.

சர்க்கரைக்கு மாத்திரை வாங்க அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க, செருப்பைக் கையில எடுத்துட்டு உள்ள வாங்க. யாராவது தடுத்தா, "டாக்டர் பார்க்கணும்னு சொன்னார்"னு சொல்லுங்க. நான்தான் சொன்னேன்.